எலுமிச்சம்பழம் தொங்குது, கியர் விழல

ஏலே மருமவனே, ஒன் வண்டிய நான் இன்னும் கண்ணால பாக்கல. காதால கேட்டாச்சு. ரெண்டு தெரு தள்ளி நீ ஆக்ஸிலேட்டர மிதிக்க, சத்தம் என் வீட்டுத் திண்ணையில வந்து உக்காந்துட்டு. வண்டி வந்து சேர இன்னும் செத்த நேரம் ஆவும்போல. என்ஜின் அலறுது, சக்கரம் யோசிக்குது. இதத்தான் டிராக் ரேஸ் வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாம். நல்லா இரு. முன்னால எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் தொங்குதாம், டாஷ்போர்டுல சங்கரன்கோவில் புத்துமண்ணுப் பொட்டலம் இருக்காம், ஒங்கம்மதான் சொன்னா. புளியங்குடியில எலுமிச்சைக்கா பஞ்சம்? கேரளாவுக்கு லாரி லாரியா ஏத்தி அனுப்புத ஊரு நம்ம ஊரு. நம்ம பழம் எத்தனையோ புது வண்டி டயருக்கடியில நசுங்கித் திருஷ்டி கழிச்சிருக்கு. ஆனா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ள அதோட சாறு எறங்கி வேலை செஞ்சதா நான் கேள்விப்பட்டதில்ல. சாமி கும்பிடுததக் குத்தம் சொல்லல. சாமிக்கும் நீ கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்லா.

பஜார் டீக்கடையில ஒன் வண்டிக்குப் பஞ்சாயத்தே கூடிட்டு. ஒருத்தன், "கியர் பெட்டி போச்சு, வேற பெட்டி வாங்கி மாத்து"ங்கான். காசு அவன்து இல்லல்லா, அதான் அம்புட்டு தாராளம். இன்னொருத்தன் என்ஜின்ல கம்ப்ரஷன் இல்லங்கான். மூணாவது ஆளு, ஆட்டோமேட்டிக்கே நம்ம ஊரு வெயிலுக்கு ஆவாதுன்னு தீர்ப்பெழுதிட்டான். அவன் வீட்டுல இருக்கது சைக்கிளு. எல்லாரும் பேசுனாங்க, டீயும் ஒன் கணக்குலதான் குடிச்சாங்க. ஒருத்தனாவது ஆயில் ஸ்டிக்க உருவிப் பாத்தானா? பாக்கல. நீ பாத்தியா? நீ எங்க பாக்க, ஒனக்குத்தான் ஸ்டிக்கர் ஒட்டவே நேரம் பத்தலயே.

நான் லாரி ஓட்டுன கிழவன். கிளட்ச மிதிச்சு மிதிச்சு இடது முட்டி தேஞ்சவன். ஒன் வண்டியில கிளட்ச் பெடலே கெடையாது. அதனால இந்தக் கிழவனுக்கு என்ன தெரியப்போவுதுன்னு நீ நெனைக்கித. நெனச்சுக்கோ. ஒண்ணும் தெரியாதவன்கிட்ட யோசனை கேட்டா கூலி மிச்சம்.

மொதல்ல நீ வச்சிருக்க சாமான் என்னன்னாவது தெரியுமா? கிளட்ச் இல்லாத வண்டின்னா வயசானவங்க ஓட்டுதது, கோயிலுக்குப் போறதுக்குத்தான் ஆவும்னு ஒன் சேக்காளிமாரு கேலி பண்ணுதாங்களாமே. அவங்ககிட்ட பவர்கிளைடுன்னு ஒரு பெட்டி இருக்கு, கேட்டிருக்கியாடேன்னு கேளு. அமெரிக்காவுல 1950-ல செவர்லே கம்பெனி குடும்பக் காருக்குன்னு போட்டது. முன்னால போக ரெண்டே கியரு. 1973-ஓட கம்பெனி அதச் செய்யத நிறுத்திட்டு. ஆனா இன்னைக்கும் அங்க டிராக் ரேஸ்காரங்க அதோட அமைப்பத் தேடிப் போறாங்க, அதே அச்சுல புதுசாவே வார்த்து விக்காங்க. ஏன் தெரியுமா? ஓட்டம் மொத்தமே 1320 அடி, நம்ம கணக்குக்கு 402 மீட்டர். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ கியர் மாறுனாப் போதும். பெட்டி எடை கம்மி, என்ஜின் பவர அது திங்கதும் கம்மி. அதவிட முக்கியம், ஒன்ன மாதிரி பதறுத கைக்கு அதுல வேலை கெடையாது. ஒரே வண்டி ஒவ்வொரு ஓட்டத்துலயும் ஒரே நேரத்துல எல்லையத் தொடும். ரேஸ்ல ஜெயிக்கது அந்த ஒழுங்குதான், சைலன்சர் சத்தம் இல்ல.

இதுக்கெல்லாம் மூலம் ஒரு கப்பல்காரன். ஹெர்மன் ஃபொட்டிங்கர்னு ஜெர்மன் என்ஜினியரு, 1905-ல காப்புரிமை வாங்குனான். கப்பலுக்குள்ள டர்பைன் வேகமாச் சுத்தும், தண்ணியத் தள்ளுத விசிறி மெதுவாச் சுத்தணும். ரெண்டையும் இரும்பால இணைக்காம நடுவுல திரவத்த வச்சே சக்திய மாத்துதேன்னு நின்னான், மாத்திக் காட்டுனான். ஒன் வண்டியில டார்க் கன்வர்ட்டர்னு பூசணிக்கா அளவுல ஒண்ணு இருக்கே, அது அவன் போட்ட விதைதான். என்ஜின் பக்கத்துத் தகடு ஆயில வீசும். கியர்பாக்ஸ் பக்கத்துத் தகடு அத வாங்கிச் சுத்தும். நடுவுல ஸ்டேட்டர்னு ஒண்ணு நின்னு, திரும்பி வார ஆயிலச் சரியான கோணத்துல திருப்பி விடும். அதனாலதான் வண்டி கெளம்புத நேரத்துல என்ஜின் குடுக்க இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆவுது. அதுக்குப் பின்னால பம்பு, கிரக கியரு, கிளட்ச் பிளேட்டு, பேண்டுங்கித பட்டை, வால்வ்பாடி. எல்லாத்துக்கும் உசுரு ஒண்ணுதான்: ஆயில். சக்தியக் கடத்துததும் அது, கிளட்ச அழுத்திப் பிடிக்கதும் அது, சூட்டக் கொண்டு வெளிய விடுததும் அது. நீயோ பெட்ரோலுக்கு ஆப் பாக்குத, பாலிஷுக்கு ஆர்டர் போடுத; இந்தச் செவப்பு ஆயில வண்டி வாங்குன நாள்ல இருந்து மாத்துனதா ஒரு பில்லு காட்டு பாப்போம்.

சரி, ஒன் பாவக்கணக்க எடுப்போம். வாசுதேவநல்லூர் ரோட்டுல ராத்திரி நேரத்துல பிரேக்க ஒரு காலால மிதிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர மறு காலால மிதிச்சு நின்னியாமே, புகை வரணும், வீடியோ எடுக்கணும்னு. டயரு புகைஞ்சுதோ என்னவோ, உள்ள ஆயில் புகைஞ்சுட்டு. வண்டி நகராம என்ஜின் மட்டும் முறுக்குனா அந்தச் சக்தி எங்க போவும்? வானத்துக்கா போவும்? பூராவும் கன்வர்ட்டருக்குள்ள சூடா எறங்கும். ஆயில் 80 டிகிரி பக்கம் இருக்க வரைக்கும் சொகமா இருக்கும். 120-அ தாண்டுனா வெரசாக் கெட ஆரம்பிச்சிரும். அதுக்கும் மேல போனா ரப்பர் சீல் எல்லாம் கல்லா இறுகிரும், ஆயில் வார்னிஷாப் படியும். அப்புறம் வழுக்காம என்ன செய்யும்?

ரெண்டாவது பாவம். பாதி வழியில நின்ன வண்டிய டிராக்டர்ல கயறு கட்டி, முன் சக்கரம் தரையிலயே உருள, ஊரு வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்க. எதுக்க வந்தவனுக்கெல்லாம் கை வேற காட்டியிருக்க, தேரு இழுத்துட்டு வாரவன் கணக்கா. ஒன் பெட்டியில ஆயில் பம்ப என்ஜின்தான் சுத்தணும். என்ஜின் ஆஃப்ல இருந்தா பம்பு தூங்கும், ஆனா சக்கரம் உள்ள இருக்க கியரையும் பேரிங்கையும் சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு சொட்டு ஆயில் போகாம அம்புட்டுத் தூரம் அரைச்சிருக்க. முன் சக்கரம் ஓட்டுத ஆட்டோமேட்டிக் காருன்னா முன் சக்கரத்தத் தூக்கி வச்சுத்தான் இழுக்கணும், இல்லன்னா முழுசா ஒரு மேடை வண்டியில ஏத்தணும். அதுக்குக் காசு கேட்டான்னு டிராக்டரக் கூப்பிட்ட. இப்ப பாரு, ரெண்டுக்கும் சேத்து வட்டியோட குடுக்கப் போற.

போகட்டும், நோய் என்னன்னு பாக்கணும்னா வரிசை உண்டு. மலிவான சோதனை மொதல்ல, பெட்டிய எறக்குதது கடைசியில. மெக்கானிக் தலைகீழாச் சொன்னா நீ தலைய ஆட்டாத.

மட்டமான தரையில வண்டிய நிறுத்து. ஆயில் சூடாவுத அளவுக்கு ஓட்டியிருக்கணும். என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கப்பவே லிவர எல்லா எடத்துக்கும் ஒரு தடவ தள்ளிட்டு 'பி'-யில கொண்டு வந்து வையி. சில கம்பெனி 'என்'-ல பாக்கச் சொல்லும், புஸ்தகத்தப் பாரு. ஸ்டிக்க உருவித் தொடச்சு மறுபடி விட்டு எடு. ஸ்டிக்கே இல்லாத பெட்டியும் இப்ப நெறைய வருது, அதுல பக்கத்துல இருக்க போல்ட்டக் கழட்டி அளவு பாக்கணும். ஆயில் கம்மியா இருந்தா பம்பு காத்த உறிஞ்சும், பிரஷர் விழும், வழுக்கும். அதுக்காக ஒன் அத்தான் செஞ்சானே, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு அரை கேனு ஊத்துனான், அதுவும் தப்பு. கூடிப்போனா சுத்துத கியரு ஆயிலக் கடைஞ்சு நுரையாக்கிரும். நுரைக்கு அழுத்தம் தாங்காது. அப்பவும் அதே வழுக்கல்தான் வரும். கொறஞ்சாலும் கூடுனாலும் ஒரே நோய்க்குறி காட்டுத சாமான் இது.

அளவு பாத்தாச்சுன்னா நிறத்தப் பாரு, மோந்து பாரு. தெளிஞ்ச செவப்புன்னா நல்லது. பழுப்பேறிக் கருகல் வாடை அடிச்சா உள்ள கிளட்ச் பிளேட்டு தீஞ்சிருக்கு. ரோஸ்மில்க் நிறத்துல வந்தா சந்தோசப்பட்டுக் குடிச்சிராத. ரேடியேட்டருக்குள்ளயே ஆயில் கூலர் இருக்கும், அங்க ஓட்டை விழுந்து தண்ணி உள்ள வந்துட்டுன்னு அர்த்தம். தண்ணி பட்டா பிளேட்டுல ஒட்டியிருக்க ஒராய்வு அட்டை உரிஞ்சு வந்துரும், அப்பொறம் ஆயில மட்டும் மாத்தி ஒண்ணும் ஆவாது. பெட்டிக்கு அடியில இருக்க ஆயில் பான கழட்டினா அதுல காந்தம் ஒண்ணு இருக்கும். அதுல மை மாதிரி மெல்லிசாப் பூச்சு இருந்தா அது வயசுத் தேய்மானம், விட்டுரு. மினுமினுன்னு செதில், பித்தளைத் துணுக்கு, கருப்பு அட்டைத் துண்டு கெடந்தா பெட்டி ஒனக்குக் கடுதாசி போட்டிருக்குன்னு வச்சுக்கோ.

அடுத்தது வெளிய இருக்க சாமானம். லிவர் கேபிள் சரியா நிக்குதா, ஆக்ஸிலேட்டர்ல இருந்து பெட்டிக்குப் போற கேபிள் தளந்திருக்கா, வயரிங் பிளக்குல ஆயில் ஏறியிருக்கா, பேட்டரியில வோல்ட்டேஜ் இருக்கா. பழைய அமெரிக்கன் பெட்டி ஒண்ணு ரெண்டுல அந்த ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒரு நூல் தளந்து போச்சுன்னே முழு கிளட்சும் எரிஞ்சு போவும். புது வண்டின்னா ஸ்கேனரப் போட்டுக் கோளாறுக் கோடு எடு. ஆனா ஒண்ணு, கோடு எந்தத் தெருன்னுதான் சொல்லும், எந்த வீடுன்னு சொல்லாது. சோலினாய்டுன்னு வந்தா ஒடனே சோலினாய்டு வாங்கிராத. அதுக்குப் போற வயரு, அதுக்குள்ள அடைஞ்சிருக்க தூசி, அதுக்குப் பின்னால இருக்க வால்வு எல்லாம் அதே கோடத்தான் போடும்.

இப்ப நீ ஆசப்பட்ட எடத்துக்கு வாரேன். 'என்'-ல இருந்து 'டி'-க்குத் தள்ளிட்டு எண்ணு. ஒரு நொடி, ஒண்ணேகால் நொடிக்குள்ள வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பிடிக்கணும். ரெண்டு மூணுன்னு எண்ண வேண்டியிருந்தா உள்ள எங்கியோ அழுத்தம் ஒழுகுது. பொறவு ஸ்டால் சோதனை. கைப்பிரேக்கு, கால்பிரேக்கு ரெண்டும் பிடிச்சு, சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, 'டி'-யில வச்சு முழுசா மிதி. என்ஜின் எத்தன சுத்துல நிக்குதுன்னு மீட்டரப் பாரு. அஞ்சு நொடிக்கு மேல போகப்படாது. ஒடனே 'என்'-ல போட்டு ஆறவிடு. முன்னால ஆளு நிக்கவே கூடாது, வீடியோ எடுக்க ஒன் மச்சினன அங்கன நிறுத்தாத. அவன் நல்ல பையன். புஸ்தகத்துல போட்டதவிட கூடுதலாச் சுத்துனா உள்ள கிளட்சோ பேண்டோ வழுக்குது. கம்மியா நின்னா என்ஜின் சத்து இல்ல, இல்லன்னா கன்வர்ட்டருக்குள்ள ஸ்டேட்டர் பிடிக்காம ரெண்டு பக்கமும் சுத்துது. பாத்தியா, டீக்கடையில கம்ப்ரஷன்னு சொன்னவன் சொல்லும் இருக்கலாம். ஆனா சொல்லதுக்கு முன்னாடி அளந்திருக்கணும்.

அளவு கருவின்னா பிரஷர் கேஜ். பெட்டியில அதுக்குன்னே ஒரு பிளக் இருக்கும், அதக் கழட்டி கேஜ மாட்டு. இங்கனதான் மூளை வேணும். எந்த கியருக்கு எந்த கிளட்ச் பிடிக்கும்னு ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டவணை உண்டு. பவர்கிளைடையே எடுத்துக்கோ: மொத கியருக்குப் பேண்டு, ரெண்டாவதுக்கு ஒரு கிளட்ச், ரிவர்ஸுக்கு வேற கிளட்ச். மொத கியர் இழுக்குது, ரெண்டாவதுல வழுக்குதுன்னா பேண்டு மேல வழக்குப் போடாத. ரிவர்ஸ் மட்டும் போவலன்னா ரிவர்ஸ் கிளட்சப் பிடி. மூணுமே வழுக்குதுன்னா மூணும் ஒரே நாள்ல பேசி வச்சுச் சாவாது. மூணுக்கும் பொதுவா இருக்க பில்டரு, பம்பு, பிரஷர் வால்வு பக்கம் போ. ஆயிரம் ஆயிரமாச் செலவழிக்கதுக்கு முன்னாடி இந்த ஒரு யோசனைக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆனா தாளும் பென்சிலும் வச்சு ரீல்ஸ் போட முடியாது பாரு, அதான் ஒனக்குப் பிடிக்காது.

கிழவன் ஆயிலு ஆயிலுன்னு ஒரே பாட்டப் பாடுதான்னு சிரிக்காத. ஃபோக்ஸ்வேகன் எம்புட்டுப் பெரிய கம்பெனி? ரெண்டு கிளட்ச் வச்ச ஏழு கியர் பெட்டி போட்டான், டி.எஸ்.ஜி.ன்னு. 2013 நவம்பர்ல உலகம் பூரா சுமார் 16 லட்சம் வண்டியத் திரும்பக் கூப்பிட்டான். என்ன வைத்தியம் பண்ணுனான் தெரியுமா? உள்ள இருந்த செயற்கை ஆயில வடிச்சிட்டு சாதாரண மினரல் ஆயில ஊத்துனான். சூடும் ஈரமும் சேர்ந்த ஊருல, நெரிசல்ல நின்னு நின்னு ஓட்டுத எடத்துல, அந்த ஒசத்தி ஆயிலால உள்ள இருக்க கரண்டு சமாச்சாரம் கெட்டுப்போச்சு. பெரிய பெரிய என்ஜினியருமாரே ஆயிலுக்குத்தான் திரும்பி வந்தாங்க. அதனால 'எல்லா வண்டிக்கும் ஆவும்'னு கடைக்காரன் குடுக்க கேன வாங்கி ஊத்தாத. புஸ்தகத்துல எந்த நம்பர் போட்டிருக்கோ அந்த ஆயிலு.

பெட்டிய எறக்கித்தான் ஆவணும்னு வந்துட்டா, ஒன் கூட்டாளி சொல்லுவான், சென்னை புதுப்பேட்டைக்குப் போனா பழைய பெட்டி கெடைக்கும்னு. கெடைக்கும். புதுப்பேட்டையில யானை தவிர எல்லாம் கெடைக்கும், ஆர்டர் குடுத்தா அதுவும் கெடைக்கலாம். ஆனா அந்தப் பெட்டிய அதோட பழைய மொதலாளி ஏன் வித்தான்னு நீ யோசிக்கணும். அதவிடப் பெரிய கூத்து, ஒன் பழைய பெட்டியக் கொன்னது எதுவோ அது ஒன் வண்டியிலயே உக்காந்திருக்கும். கூலர் கொழாய்க்குள்ள தீஞ்ச அட்டையும் இரும்புத் தூளும் அடைஞ்சு கெடக்கும். புதுப் பெட்டிய மாட்டி ஸ்டார்ட் பண்ணுன ஒடனே அம்புட்டும் புதுசுக்குள்ள போவும். ஒரு மாசத்துல அதுவும் வழுக்கும். மெக்கானிக் "ஒனக்கு ராசியில்ல தம்பி"ம்பான். நீ இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டுவ.

பிரிக்கப் போறியா, மொதல்ல வெளிய கழுவு. பெட்டிக்குள்ள வேலை பாக்கதுல பாதி வேலை கழுவுததுதான். தேங்காநார், பனியன் வேஸ்ட் எதுவும் பக்கத்துல வரப்படாது. ஒரு நூல் பிசிறு போதும், வால்வு நின்னு போவும். வால்வ்பாடியத் திறக்கப்போ சின்னச் சின்னக் குண்டு உருண்டு ஓடும். எது எந்தக் குழியில இருந்துதுன்னு போன்ல போட்டோ எடுத்துக்கோ. ஒன் போனுக்கு மொத தடவையா ஒரு உபயோகமான வேலை. ஸ்டீல் பிளேட்டு நீலம் பாரிச்சிருந்தா சூட்டுல வெந்தது, தூரப் போடு, எமரித்தாள் தேச்சு மறுபடி போடலாம்னு எவனாவது சொன்னா அவன் வண்டிக்குப் போடட்டும். புதுசா மாட்டுத ஒராய்வு பிளேட்ட அதே ஆயில்ல நல்லா ஊற வச்சுத்தான் மாட்டணும். காஞ்ச பிளேட்டு மொத ஓட்டத்துலயே தீஞ்சிரும். அடுக்கி முடிச்சதும் ஃபீலர் கேஜ் போட்டு இடைவெளி பாரு. சீலுக்கு ஓரம் எந்தப் பக்கம் பாக்கணும்னு கவனி, திருப்பிப் போட்டா அழுத்தம் நிக்காது. அத நழுவ வைக்க வாசலின் தடவு, கிரீஸ் வேண்டாம். வாசலின் சூட்டுல ஆயிலோட கரைஞ்சிரும், கிரீஸ் கரையாமப் போய்ச் சந்துபொந்த அடைக்கும். எல்லாம் பூட்டுததுக்கு முன்னாடி கம்ப்ரசர் காத்தக் கொறச்சு வச்சு ஒவ்வொரு துளையிலயும் ஊதிப் பாரு. 'டொக்'குன்னு கிளட்ச் உக்காந்தா நல்லது. 'உஸ்'ஸுன்னு சத்தம் வந்தா சீல் ஒழுகுது, அங்கனயே நிறுத்து.

கன்வர்ட்டர மாட்டுத எடத்துலதான் பெரிய பெரிய கில்லாடியெல்லாம் மண்ணக் கவ்வுதான். அதச் சுத்திச் சுத்தி உள்ள தள்ளணும். ஷாஃப்டு, ஸ்டேட்டரு, பம்புன்னு ஒண்ணு ஒண்ணா அமந்து, கடைசி வரைக்கும் எறங்கணும். எறங்காம நிக்கப்போ பெட்டிய என்ஜினோட வச்சு போல்ட்டப் போட்டு இறுக்குனா பம்பு 'படக்'குன்னு ஒடைஞ்சிரும். ஸ்டார்ட் பண்ணாமலேயே புதுப் பெட்டி காலி. போல்ட்டு முறுக்குததால பெட்டி என்ஜினோட ஒட்டி வரப்படாது, கையால தள்ளுனாலே ஒட்டணும். அப்படி ஒட்டுன பொறவு கன்வர்ட்டருக்கும் என்ஜின் தகட்டுக்கும் நடுவுல மூணு நாலு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். கை முறுக்கு பலசாலிக்கு இந்த எடத்துல வேலை இல்ல, அத ஒன் சேக்காளிமாருகிட்டச் சொல்லி வையி.

எல்லாம் சரியாயிட்டுன்னு வச்சுக்கோ. ரேஸுக்குத்தான் போவேன்னு நிக்குத. டிரான்ஸ்பிரேக்குன்னு ஒண்ணு போடணும்னு ஒனக்கு ஆசை வரும். மொத கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்துல பிடிக்க வச்சு வண்டியக் கட்டிப்போடுத வித்தை அது. பட்டன விட்ட ஒடனே ரிவர்ஸ் விட்டுக் குடுத்துப் பாயும். நல்ல வித்தை. ஆனா வீட்டு வண்டிக்குப் பொறந்த பிளேட்டும் ஷாஃப்டும் அதத் தாங்காது. தாங்கலன்னா என்ன ஆவும்னு டான் கார்லிட்ஸ் காலக் கேளு. அமெரிக்காவுல இந்த ஆட்டத்துக்கே ராசா அவரு. 1970 மார்ச் 8-ஆம் தேதி, லாங் பீச் பக்கம் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்புல கெளம்புத எடத்துலயே அவரு வண்டியில இருந்த, ரெண்டு கியர் வச்ச பெட்டி வெடிச்சுட்டு. வண்டி ரெண்டாப் போச்சு. வலது பாதத்துல ஒரு பாதி போச்சு. அப்பல்லாம் என்ஜின் முன்னால, ஓட்டுதவன் பின்னால, பெட்டி காலுக்கு நடுவுல. ஆசுபத்திரியில படுத்துக்கிட்டே யோசிச்ச மனுசன், என்ஜினத் தூக்கிப் பின்னால வச்சாரு. 1971 பிப்ரவரியில அந்த வண்டியிலயே வின்டர்நேஷனல்ஸ் போட்டியில ஜெயிச்சாரு. அதுக்கப்புறம் அந்த வகை வண்டி ஒண்ணொண்ணா அவரு வழிக்கே வந்துட்டு. பெட்டி வெடிக்கும்னு தெரிஞ்சதாலதான் ரேஸ் வண்டியில அதச் சுத்திக் கவசம் போடச் சொல்லுதாங்க. அழகுக்கு இல்ல.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. எல்லையத் தாண்டுன ஒடனே பட்டுன்னு 'என்'-ல தள்ளாத. ஆரியங்காவு எறக்கத்துல நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிச்ச லாரிக்காரங்க புத்திய நீ பழகிக்கிட்ட. அந்த வேகத்துல நியூட்ரல் போட்டா உள்ள இருக்க டிரம்மு சில பெட்டியில என்ஜினவிட பல மடங்கு வேகத்துல சுத்தும், செதறவும் செய்யும். கியர்லயே விட்டு, ஆக்ஸிலேட்டர எடுத்து, பொறுமையா நிறுத்து. அந்தக் கடைசிப் பொறுமை ஒனக்கு வருமான்னுதான் எனக்குச் சந்தேகம்.

வேகம் காட்ட எடம் இல்லன்னு மட்டும் சொல்லாத. அமெரிக்காவுல வாலி பார்க்ஸுன்னு ஒரு ஆளு 1951-ல டிராக் ரேஸுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சதே, ரோட்டுல செத்துக்கிட்டிருந்த பையன்மாரக் கொண்டு போய் மைதானத்துல விடுததுக்குத்தான். நம்ம மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பு அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 1953-ல. ரெண்டாம் உலகப்போருக்குப் போட்ட சோழவரம் விமான ஓடுபாதையிலதான் அந்தக் காலத்துல ரேஸு. 1990-ல மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில தனியா ஓடுதளமே கட்டிட்டாங்க. பைக்குக்கு தேசிய டிராக் ரேஸ் போட்டியே அங்க நடத்துதாங்க. கோயமுத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல இருந்து இருக்கு. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சங்கம் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. குடுக்க லைசென்ஸ் எடு, ஹெல்மெட்டு வாங்கு, ஆம்புலன்சு நிக்குத எடத்துல ஓட்டு. புளியங்குடியில இருந்து இருங்காட்டுக்கோட்டை அறுநூறு கிலோமீட்டர் பக்கம் இருக்கும். அந்தத் தூரம் ஒன் பெட்டி வழுக்காமப் போய்ச் சேந்தாலே பாதி ஜெயிச்ச கணக்கு. தேசிய நெடுஞ்சாலை 744-ல ராத்திரி எலுமிச்சை மூடை ஏத்திக்கிட்டு வாரவன் ஒன் ரேஸுக்கு டிக்கெட் எடுத்து வரல, கேட்டியா? அவன் வீட்டுக்குப் போகணும்.

இப்ப ஒங்கப்பன்கிட்ட ரூவா கேக்கதுக்கு முன்னாடி நீ செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. பான கழட்டி, காந்தத்துல என்ன இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டு வா. ஆயில ஒரு கண்ணாடிப் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு வா. மெக்கானிக் எழுதிக் குடுத்த எஸ்டிமேட்டையும் கொண்டு வா. அதுல "கூலர் கழுவ"ங்கித வரி இருக்கான்னு மொதல்ல பாப்போம். இல்லன்னா ஆள மாத்து. புதுக் கூலரும், அதுக்கு முன்னால போடுத பில்டரும் வாங்குத காச நான் தாரேன். பெட்டி வாங்க எங்கிட்ட சல்லிக்காசு கேக்காத.